அலெம் என்றால் என்ன? உதுமானிய, பெக்தாஷிக் கொடிமுடிகளைப் படிக்கும் முறை

துருக்கியின் அருங்காட்சியகங்களிலும் பழம்பொருள் ஏலப் பட்டியல்களிலும் ஒரு வகை உலோகப் பொருளை அடிக்கடி காணலாம். பித்தளையிலோ செம்பிலோ செய்த தகடு. இலை போலவோ நீர்த்துளி போலவோ விரிந்த உடல். உடல் முழுவதும் துளைவேலையாக அரபு எழுத்துகள். அடியில் கழியைச் செருகுவதற்கு ஒரு குழல். படத்தைப் பார்த்த மாத்திரத்தில் இதை ஈட்டிமுனை என்று சொல்பவர்கள் உண்டு, தாயத்து என்பவர்களும் உண்டு. இருமுனை வாளின் வடிவில் இருந்தால் ‘ஷியாச் சின்னம்’ என்றும், உச்சியில் பிறை இருந்தால் ‘இஸ்லாத்தின் சின்னம்’ என்றும் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். இவற்றில் ஈட்டிமுனை என்பது மட்டுமே முழுத் தவறு. மற்றவை அரை உண்மைகள், ஆகையால் திருத்துவதற்குக் கடினமானவை. இப்பொருளின் பெயர் அலெம். அது தனியாக நின்று பொருள் தருவதன்று. எந்தக் கம்பத்தின் மேல், எந்தக் கூட்டத்தின் நடுவே நின்றது என்பதைக் கொண்டே அதன் பொருள் அமைகிறது. இக்கட்டுரை அதை மட்டுமே விளக்க முயல்கிறது.

காற்றில்லாத நேரத்தில் கொடி

ஒரு கொடி ஊர்வலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காற்று வீசும்போது துணி விரிந்து, அதில் என்ன வரைந்திருக்கிறது என்று தெரிகிறது. காற்று நின்றுவிட்டால் துணி கம்பத்தோடு ஒட்டித் தொங்கிவிடுகிறது. யாருடைய கொடி என்று தூரத்திலிருப்பவர் அப்போது எப்படி அறிவார்? கம்பத்தின் உச்சியில் ஓர் உலோக வடிவம் இருந்தால், காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும், புழுதி கிளம்பினாலும் மழை பெய்தாலும், அது தலைகளுக்கு மேலே மின்னிக்கொண்டிருக்கும். கொடியில் காற்றை நம்பாமல் வேலை செய்யும் பகுதி அதுதான்.

அந்த உச்சி வடிவத்தைத் தமிழில் கொடிமுடி என்று சொல்லலாம். துருக்கியர் அதை அலெம் என்கிறார்கள். அரபு மொழியின் ‘அலம்’ என்ற சொல்லிலிருந்து இது வந்தது. அடையாளம், குறி, கொடி என்பன அச்சொல்லின் பொருள்கள். தமிழ் முஸ்லிம்கள் மார்க்க அறிஞரை ‘ஆலிம்’ என்றும், அறிவை ‘இல்ம்’ என்றும் சொல்கிறார்களே, அவையும் இதே வேரில் பிறந்த சொற்கள்தாம். ஆகவே அலெம் என்றால் ‘எதைக் கொண்டு அறிகிறோமோ அது’ என்று கொள்வதில் பிழையில்லை.

கொடிமுடியின் கீழே கட்டப்படும் கொடித்துணிக்குச் சஞ்சக் என்று பெயர். துருக்கியை மையமாகக் கொண்ட உதுமானியப் பேரரசின் ஆட்சியில் ஓர் அதிகாரியைச் சுல்தான் நியமிக்கும்போது கொடியை அளித்து அனுப்புவது வழக்கம். அந்தக் கொடிக்குரியவர் ஆண்ட நிலப்பகுதிக்கும் நாளடைவில் சஞ்சக் என்ற பெயரே நின்றுவிட்டது. ஒரு துணியின் பெயர் ஒரு மாவட்டத்தின் பெயராகும் அளவுக்கு அச்சமூகத்தில் கொடிக்கு மதிப்பு இருந்தது.

இதனுடன் அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் இன்னொன்று துக் என்பது. அது கம்பத்தில் குதிரைவால் மயிரைத் தொங்கவிட்டு, உச்சியில் முலாம் பூசிய உருண்டையை வைத்த பதவிச் சின்னம். நடு ஆசியாவின் புல்வெளிகளிலிருந்து துருக்கியரோடு வந்தது. சஞ்சக் ஆளுநருக்கு ஒரு வால், மாகாண ஆளுநருக்கு இரண்டு, அமைச்சரான வசீருக்கு மூன்று என்று எண்ணிக்கை பதவியைக் காட்டியது. துக் பற்றி இவ்வளவு போதும். அது சமயக் கலையைச் சேர்ந்ததன்று.

இதுவரை பார்த்தவை: அலெம் என்பது கம்பத்தின் உச்சியிலுள்ள உலோக அடையாளம், சஞ்சக் என்பது கொடித்துணி, துக் என்பது பதவியைச் சொல்லும் குதிரைவால் கம்பம்.

குவிமாடத்தின் உச்சியில்

துருக்கியில் அலெம் என்ற அதே சொல் பள்ளிவாசலின் குவிமாடத்துக்கும் மனாராவுக்கும் மேலே நிற்கும் உலோக முடியையும் குறிக்கிறது. கோயில் கோபுரத்தின் மேல் கலசம் நிற்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது: கட்டடம் முடியும் இடத்தை மூடுகிறது, இது என்ன கட்டடம் என்பதைத் தொலைவிலிருந்தே சொல்கிறது. செம்புத் தகட்டை அடித்து உருண்டை, பேரிக்காய், வளையம் போன்ற உள்ளீடற்ற துண்டுகளாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு தண்டில் கோத்து, உச்சியில் பெரும்பாலும் பிறையை வைப்பார்கள்.

ஈயத்தகடு போர்த்திய சாம்பல்நிறக் குவிமாடத்தின் மேல் இந்த முடி தங்கமாக மின்னுவதற்குக் காரணம் தொம்பாக் எனப்படும் முலாம் முறை. தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துக் களிம்பாக்கி, அதைச் செம்பின் மீது பூசித் தீயில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிப் போய்விடும். தங்கம் மட்டும் செம்போடு இறுகப் பற்றிக்கொள்ளும். பிறகு தேய்த்து மெருகேற்றுவார்கள். அந்த ஆவி நஞ்சு என்பதால் பளபளப்புக்கு விலை கொடுத்தவர்கள் பட்டறைத் தொழிலாளிகள்தாம். தொம்பாக் என்ற சொல்லின் மூலத்தை மலாய் மொழியில் செம்பைக் குறிக்கும் ‘தெம்பாகா’ வரையிலும், அங்கிருந்து நாம் தாமிரம் என்று வழங்கும் சொல்லின் வடமொழி மூலம் வரையிலும் சொல்லாராய்ச்சியாளர்கள் கொண்டுசெல்கிறார்கள்.

பிறையைப் பற்றி ஒரு சொல். இஸ்லாம் தோன்றுவதற்கு முன்பே சாசானியப் பாரசீகத்திலும் பைசாந்தியத்திலும் பிறை வழக்கிலிருந்தது. பிறைகளை மக்களின் காலக் கணக்குக்கும் ஹஜ்ஜுக்கும் உரிய குறிகள் என்று குர்ஆன் (2:189) சொல்கிறதேயன்றி, சமயத்தின் இலச்சினையாக விதிக்கவில்லை. உதுமானியக் கட்டடங்களும் கொடிகளும் பிறையை எங்கும் கொண்டுசென்றன. பிறையும் விண்மீனும் கொண்ட சிவப்புக் கொடி அப்பேரரசின் பொதுக் கொடியாக 1844இல் நிலைபெற்றது. இன்று பிறை உலகெங்கும் இஸ்லாத்தோடு சேர்த்துப் பார்க்கப்படுவதில் உதுமானியருக்குப் பெரும் பங்கு உண்டு.

பெக்தாஷிகள் யார்?

சூஃபிகளின் ஆன்மிக வழிமுறை ஒவ்வொன்றையும் தரீக்கா என்பார்கள். ஒரு குருவின் வழியைப் பின்பற்றும் சீடர் மரபு என்று அதைப் புரிந்துகொள்ளலாம். அவர்கள் கூடி வாழும் மடத்துக்குத் துருக்கியில் தெக்கே என்று பெயர். பெக்தாஷிகள் அத்தகைய ஒரு தரீக்காவினர். 13ஆம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதியான அனத்தோலியாவில் வாழ்ந்த ஹாஜி பெக்தாஷ் வலியைத் தங்கள் குருமுதல்வராகக் கொள்பவர்கள். அவர் அடங்கிய ஊர் இன்று அவர் பெயராலேயே ஹாஜிபெக்தாஷ் என வழங்குகிறது. மரபுக்கு ஒழுங்கான அமைப்பைத் தந்தவர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த பாலிம் சுல்தான். சுல்தானின் நிலைப்படையான ஜானிசரிகள் ஹாஜி பெக்தாஷைத் தங்கள் காவல் புனிதராகக் கொண்டாடியதால், இம்மடங்களுக்கும் படைக்கும் நெருக்கமான உறவு இருந்தது.

அவர்களுடைய கலையைப் படிப்பதற்குச் சில எண்கள் தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும். மூன்று என்பது அல்லாஹ், முஹம்மது, அலி என்ற சொல்வரிசை. ஐந்து என்பது நபிகள், மகள் ஃபாத்திமா, மருமகன் அலி, பேரர்கள் ஹசன், ஹுசைன் ஆகிய ‘போர்வைக்குள் வந்த ஐவர்’. நபிகள் தம் போர்வைக்குள் அவர்களைச் சேர்த்துக்கொண்டார் என்ற செய்தியிலிருந்து வந்த பெயர். பன்னிரண்டு என்பது அலி முதலாகத் தொடரும் ஆன்மிகத் தலைவர்களான பன்னிரு இமாம்கள். பெக்தாஷிக் குருமார் அணியும் தாஜ் என்ற தொப்பி பன்னிரண்டு மடிப்புகளாகத் தைக்கப்படுகிறது. கழுத்தில் தொங்கவிடும் ‘தெஸ்லிம் தாஷி’ என்ற கல் பன்னிரண்டு முனைகளாகச் செதுக்கப்படுகிறது. கொடிமுடியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பொருள்தான். மடத்தின் கூடத்திலோ அடக்கத்தலத்தின் அருகிலோ நிற்கும்.

சுருக்கமாக: போர்க்களத்தில் அலெம் ‘இது யாருடைய படை’ என்கிறது, குவிமாடத்தின் மேல் ‘இது என்ன இடம்’ என்கிறது, மடத்தில் ‘இவர்கள் யாருடைய வழியினர்’ என்கிறது.

இருமுனை வாள்: ஒரு சின்னம், பல உரிமையாளர்கள்

மிக அதிகமாகத் தவறாகப் படிக்கப்படும் வடிவம் துல்ஃபிகார் என்ற வாள். 624இல் நடந்த பத்ருப் போரில் கிடைத்து, நபிகளால் அலிக்கு அளிக்கப்பட்டதாக மரபு சொல்லும் வாள் இது. ஓவியங்களிலும் கொடிகளிலும் உலோகத்திலும் இதன் அலகு நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். சில கொடிகளில் கத்தரிக்கோலைத் திறந்து வைத்தாற்போல் இரண்டு முழு அலகுகளே இருக்கும். ஆனால் பெயரின் பொருள் ‘முதுகெலும்புக் கணுக்கள் உடையது’ என்பதாகும். அலகில் வரிசையாக இருந்த வெட்டுகளையோ பள்ளங்களையோ அப்பெயர் குறித்திருக்கலாம். பிளந்த நுனி கலைஞர்கள் வளர்த்தெடுத்த உருவம். போரில் பயன்படுத்திய வாளின் நகலைப் பார்க்கிறோம் என்று எண்ணிவிடக்கூடாது. ஒரு பெயரைப் பார்த்தவுடன் அறியச் செய்யும் வரைவையே பார்க்கிறோம்.

துல்ஃபிகார் இருந்தால் அது, அலியையும் அவர் வழிவந்தவர்களையுமே நபிகளின் உரிய வாரிசுகளாகக் கொள்ளும் ஷியாக்களுடையது என்ற எண்ணத்தை உடைப்பதற்கு ஒரே ஒரு கொடி போதும். 16ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற கடற்படைத் தளபதி பார்பரோசா ஹைருத்தீன் பாஷாவின் கொடி இஸ்தான்புல் கடற்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேலே, ‘அல்லாஹ்விடமிருந்து உதவியும் அண்மையில் வெற்றியும்’ என்ற குர்ஆன் வாசகம் (61:13), நடுவே துல்ஃபிகார், அதனோடு ஒரு சிறிய கை, சுலைமான் நபியின் முத்திரை எனப்படும் ஆறுமுனை விண்மீன். சுற்றிலும் அபூபக்கர், உமர், உஸ்மான், அலி ஆகிய நான்கு பெயர்கள். நபிகளுக்குப் பின் தலைமை ஏற்ற முதல் மூன்று கலீஃபாக்களின் பெயர்களை நான்காமவரான அலியின் பெயரோடு சமமாக வைப்பது சுன்னி முறை. ஆக, சுன்னிப் பேரரசின் தளபதி ஒருவர் துல்ஃபிகாரைத் தம் கொடியின் நடுவில் ஏற்றியிருக்கிறார். வீரத்துக்கு இலக்கணமாக அலியைக் கொண்டாடுவது உதுமானியப் படையில் எல்லோருக்கும் பொதுவான வழக்கமாக இருந்தது. ஆறுமுனை விண்மீனைப் பார்த்து யூதச் சின்னம் என்று முடிவு கட்டுவதும் இதே வகைத் தவறுதான்.

அதே வாள் பெக்தாஷி அலெமில் வரும்போது அழுத்தம் மாறுகிறது. அங்கே அலி ஆன்மிக வழியின் ஊற்று; அவருடைய வாளைச் சொல்வது அவரையே சொல்வதாகும். ‘அலியைப் போல் இளவீரர் இல்லை, துல்ஃபிகாரைப் போல் வாள் இல்லை’ என்ற அரபுத் தொடர் இத்தகைய பொருள்களோடு சேர்ந்தே வருவது. போர்வீரன் அதை உரக்க முழங்குவதற்கும் மடத்துச் சீடர் உள்ளத்தில் ஓதுவதற்கும் எவ்வளவு தூரம்! சொற்கள் என்னவோ அவையேதான்.

கையின் கதையும் இப்படித்தான். விரிந்த ஐந்து விரல்கள் பலருக்குக் கண்ணேறு கழிக்கும் தாயத்து. பெக்தாஷிகளுக்குப் போர்வைக்குள் வந்த ஐவர்.

தகட்டில் எழுத்து எப்படி நிற்கிறது?

இனி, எனக்கு இந்தப் பொருள்களில் மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். நீர்த்துளி வடிவ அலெம்களில் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருப்பதாகச் சொல்வது வழக்கம். பல அலெம்களில் உண்மையில் நடப்பது அதற்கு நேர்மாறானது. எழுத்தை விட்டுவிட்டு, எழுத்தைச் சுற்றியுள்ள உலோகத்தை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். இதைத் துளைவேலை என்கிறோம். வீட்டு வாசலில் பொடியைத் தூவிக் கோலம் பதிக்கும் ஓட்டைத் தகட்டில் கோடு இருக்கும் இடம் துளையாக இருக்கும்; இங்கே கோடு உலோகமாக இருக்க, வெற்றிடம் துளையாகிறது. கொடியைத் தூக்கிப் பிடித்தால் துளைகளின் வழியே வானம் தெரியும்; வானத்தின் முன் எழுத்து கருமையாக எழுந்து நிற்கும்.

இந்த முறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழில் ‘க்’ என்ற எழுத்தை இப்படி வெட்டிப் பாருங்கள்: மேற்புள்ளி எதையும் தொடாமல் இருப்பதால் தரையில் விழுந்துவிடும். ஆய்த எழுத்தை வெட்டினால் மூன்று பொட்டுகளையும் பொறுக்க வேண்டியதுதான். துளைவேலையில் எந்தத் துண்டும் தனித்து நிற்க முடியாது. ஒவ்வொன்றும் பக்கத்து எழுத்தையோ சட்டத்தையோ தொட்டாக வேண்டும். அரபு எழுத்துமுறையில் பெரும்பாலான எழுத்துகள் சொல்லுக்குள் ஒன்றோடொன்று இணைவது இங்கே பெரும் உதவி. ஆயினும் அலிஃப், தால், ரே, வாவ் போன்றவை தமக்குப் பின் வரும் எழுத்தோடு சேர மாட்டா. புள்ளிகளோ எதனோடும் சேர மாட்டா.

இப்போது பெக்தாஷிகளின் மூன்று பெயர்களைப் பாருங்கள். ‘முஹம்மது’ என்பது ஒரே இணைந்த கோடு. ‘அலி’ என்பதும் ஒரே இணைந்த கோடு. ‘அல்லாஹ்’ என்பதில் முதல் அலிஃப் மட்டும் தனித்து நிற்கும். உதுமானியர் வழக்கப்படி சொல்லின் கடைசியில் வரும் யே எழுத்துக்குப் புள்ளி இடுவதில்லையாதலால், இம்மூன்று பெயர்களிலும் ஒரு புள்ளிகூடக் கிடையாது. தகட்டில் வெட்டுவதற்கென்றே பிறந்தவை போன்ற சொற்கள்! இதற்கு மாறாக, மேலே சொன்ன துல்ஃபிகார் தொடரில் பத்துப் புள்ளிகள் இருக்கின்றன. அதைத் துளைவேலையில் அமைக்கும் கலைஞர் ஒவ்வொரு புள்ளியையும் அருகிலுள்ள கோட்டில் ஒட்டவைக்க வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும். சில அலெம்களில் எழுத்துகள் இயல்பை மீறி நீண்டு, வளைந்து சட்டத்தைத் தொடுவதை வெறும் அலங்காரம் என்று கருதக்கூடாது. அந்த நீட்சிகளே தகட்டைத் தாங்கும் எலும்புகள்.

இன்னொரு சிக்கல்: கொடியை முன்னிருந்தும் பார்ப்பார்கள், பின்னிருந்தும் பார்ப்பார்கள். துளைத்த எழுத்து பின்பக்கத்திலிருந்து கண்ணாடியில் காண்பதுபோல் இடம்வலம் மாறித் தெரியும். இதற்கு விடையாக அமைவது இரட்டை எழுத்து முறை: வலப்பாதியில் ஒரு சொல்லை எழுதி, இடப்பாதியில் அதன் எதிருருவத்தை வைப்பார்கள். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒரு பாதி நேராக வாசிக்கக் கிடைக்கும். தகடும் இருபுறம் சமனாக அமையும். இந்த எதிருருவ எழுத்து காகிதத்திலும் வழங்கியதுதான். பெக்தாஷி எழுத்தோவியங்களில் புனிதப் பெயர்களை எதிரெதிரே வைத்து மனித முகமே உருவாக்கியிருக்கிறார்கள்.

இப்பகுதியின் சுருக்கம்: அலெமின் எழுத்து வெட்டாமல் விடப்பட்ட உலோகம், அது சட்டத்தோடு இணைந்தாக வேண்டும், இருபுறமும் வாசிக்கப்பட வேண்டும். வடிவம் இந்த மூன்று கட்டாயங்களுக்கும் நம்பிக்கைக்கும் இடையே பிறக்கிறது.

ஹுசைனின் கொடி, தஞ்சையின் கை

அலெம் என்ற சொல்லும் பொருளும் துருக்கியோடு நின்றவையல்ல. ஈரானில், ஹுசைன் கொல்லப்பட்டதை நினைந்து நடத்தும் முஹர்ரம் துக்க ஊர்வலங்களில் எஃகுத் தகட்டு அலம்கள் சுமக்கப்படுகின்றன. அவற்றின் ஓரங்களில் யாளியை நினைவூட்டும் நாகத் தலைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஷியா அரசான கோல்கொண்டாவின் முகம்மது குலி குதுப் ஷா ஹைதராபாத்தில் 1594இல் எழுப்பிய பாதுஷாஹி ஆஷூர்கானா, இத்தகைய அலம்களை முஹர்ரம் நாட்களில் நிறுத்துவதற்கென்றே கட்டிய மண்டபம். அங்கே கைக்கு இன்னொரு பொருள் சேர்கிறது: 680இல் கர்பலாப் போரில் ஹுசைனின் கொடியை ஏந்தி நின்று, இரு கைகளும் வெட்டப்பட்டு இறந்த தம்பி அப்பாஸின் கை.

தமிழகத்தில் பஞ்சா என்று வழங்கும் உலோகக் கையும் இந்தக் கிளையைச் சேர்ந்தது. தஞ்சாவூருக்கு அருகே காசவளநாடு புதூரில் இந்துக்கள் உள்ளங்கை உருவத்தை ‘அல்லா சாமி’ என்று வணங்கி, முஹர்ரத்தில் ஊர்வலமும் தீமிதியும் நடத்துகிறார்கள். இது பெக்தாஷிகளிடமிருந்து வந்ததன்று. இரண்டும் ஒரே பழைய மரத்தின் வெவ்வேறு கிளைகள். ஆனால் பொருள் இடத்தைப் பொறுத்தது என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று நமக்குக் கிடைக்காது.

எல்லாமே ‘பெக்தாஷி’ ஆனது எப்படி?

1826 ஜூன் 15 அன்று சுல்தான் இரண்டாம் மஹ்மூது ஜானிசரிப் படையை ஒழித்தார். மக்களைத் தம் பக்கம் திரட்ட அவர் வெளியே எடுத்துவரச் செய்தது நபிகளுடையது என்று போற்றப்பட்ட புனிதக் கொடியை. கொடிகளின் கீழ் வாழ்ந்த ஒரு படை, இன்னொரு கொடியின் முன் அழிந்தது. அடுத்த மாதமே பெக்தாஷி மரபு தடை செய்யப்பட்டது. 60 ஆண்டுக்குட்பட்ட மடங்களை இடிக்கவும், பழையவற்றை நக்ஷபந்தி போன்ற பிற மரபினரிடம் ஒப்படைக்கவும் ஆணை பிறந்தது. மரபு மறைவாக உயிர் பிழைத்து மீண்டும் தலைதூக்கியது. 1925இல் துருக்கிக் குடியரசு எல்லாத் தரீக்காக்களின் மடங்களையும் மூடிவிட்டது. பெக்தாஷிகளின் தலைமை அல்பேனியாவுக்குப் பெயர்ந்தது. ஹாஜிபெக்தாஷ் ஊரிலுள்ள தலைமை மடம் 1964இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

இத்தனை கலைவுகளில் அலெம்கள் தாம் நின்ற கம்பத்தையும் கூடத்தையும் இழந்தன. கம்பம் போன பிறகு, வாள் வடிவப் பித்தளை எதுவானாலும் ‘பெக்தாஷி’ என்று சீட்டு ஒட்டுவது வணிகர்களுக்கு வசதியாகிவிட்டது. காதிரி போன்ற பிற மரபினரும் துல்ஃபிகார் தீட்டிய கொடிகளை ஏந்தியவர்கள்தாம் என்பது அந்தச் சீட்டில் இடம்பெறுவதில்லை.

ஓர் அலெம் கண்ணில் பட்டால் வடிவத்தை விட்டுவிட்டு எழுத்திலிருந்து தொடங்குவது நல்லது. நான்கு கலீஃபாக்களின் பெயர்கள் இருந்தால் பெக்தாஷி என்று சொல்லத் தயங்க வேண்டும். பன்னிரு இமாம்களின் பெயர்களோ ‘அல்லாஹ், முஹம்மது, அலி’ என்ற வரிசையோ இருந்தால் அந்தத் திசையில் ஓரடி வைக்கலாம். அதன் பிறகு அடிப்பகுதியைப் பாருங்கள். கழி ஏறும் குழல் இருந்து, அதன் உள்வாய் தேய்ந்திருந்தால், யாரோ ஒருவர் அதைத் தலைக்கு மேலே தூக்கிச் சுமந்திருக்கிறார். குழலே இல்லாமல், பின்புறம் சுவரில் மாட்டும் வளையம் இருந்தால், அது எந்தக் கொடியின் மேலும் ஏறியதில்லை.